கடைக்குட்டியின் பகல்

2016ஆம் ஆண்டு ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி உல்மி பள்ளத்தாக்கில் சூரியன் இரவு எட்டு மணிக்கு மறைந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தொக்கால் ஊரில் வழக்கம்போல ஏழுக்கே மறைந்துவிட்டது. அந்த ஒரு மணிநேரம் எங்கிருந்து வந்தது என்று உல்மியில் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்று காலை குவோன் தம்பதி தங்கள் மூன்று ஏக்கரை யோம் கில்சோப்பின் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, தேகு நகரத்தில் மகள் வீட்டுக்குப் பேருந்து ஏறியிருந்தார்கள். ஆட்கள் போய்விட்டார்கள், வேலை போகவில்லை. அந்த வேலையைச் செய்ய ஒரு மணிநேரம் தேவைப்பட்டது, வந்தது. கில்சோப் அந்த ஒரு மணிநேரமும் குவோனின் மிளகாய்ப் பாத்திகளுக்குக் கருப்பு பிளாஸ்டிக் தாள் விரித்தான். முடித்து நிமிர்ந்தபோது இருட்டியது. அளவு சரியாக இருந்தது.

அரசாங்கத்தின் ஓய்வுத் திட்டம் எளிமையானது. அறுபத்தைந்து வயது நிறைந்த விவசாயி, அறுபது நிறையாத ஒரு விவசாயிக்குத் தன் நிலத்தைக் கைமாற்றிவிட்டு, இனி விவசாயம் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், எழுபத்தைந்து வயது வரை அரசாங்கம் மாதாமாதம் பணம் அனுப்பும். கிழவர்கள் ஓய்வெடுக்க வேண்டும், நிலம் இளைஞர்கள் கைக்குப் போக வேண்டும் என்பது எண்ணம். எண்ணத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உல்மியில் இருந்தவை பதினொரு வீடுகள். அதில் அறுபது நிறையாதவன் ஒருவன்தான், கில்சோப். ஐம்பதைத் தாண்டிய பிறகும் அவனை ஊரே கடைக்குட்டி என்றுதான் கூப்பிட்டது. ஊர்க்கூடத்தில் பெரியவர்களுக்கு இரண்டு கையாலும் மக்கொல்லிக் கள் ஊற்றிக் கொடுப்பதும், உப்பு தீர்ந்தால் எழுந்து ஓடுவதும், தொலைக்காட்சி ரிமோட்டுக்குப் பேட்டரி மாற்றுவதும் அவன் வேலை. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வேண்டியவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள், அவ்வளவுதான்.

கில்சோப் பிறந்தது 1960 டிசம்பரில். காகிதத்தில் அப்படி இல்லை. அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளையும் அவன் அப்பா பிறந்த வாரமே போய்ப் பதிந்துவிட்டு வந்தார். இரண்டும் ஆண்டு திரும்புவதற்குள் போய்விட்டன. ஒவ்வொரு முறையும் பெயரை அடித்துவிட்டு வர மனிதர் பனியில் அரை நாள் நடக்க வேண்டியிருந்தது. மூன்றாவதற்கு அவர் அவசரப்படவில்லை. தங்குகிறதா பார்க்கலாம் என்று இரண்டு குளிர்காலம் விட்டுப்பிடித்து, 1963 மார்ச் நான்காம் தேதி விதை வாங்கப் போன வழியில் அலுவலகத்துக்குள் நுழைந்து, பையன் இன்று காலை பிறந்தான் என்று எழுதிக் கொடுத்தார். இன்று காலை பிறந்த பையன் வாசலில் நின்று பனங்கற்கண்டு போன்ற ஒரு பார்லி மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தான். எழுத்தர் அவனையும் பார்த்தார், தேதியையும் எழுதினார். அந்த வட்டாரத்தில் அந்த வயதுக்காரர்கள் பாதிப் பேர் இப்படித்தான். இந்தத் தாமதம் மட்டும் இல்லாவிட்டால் 2020 டிசம்பரிலேயே அவனுக்கு அறுபது நிறைந்திருக்கும். அதற்குப் பிறகு போனவர்கள் போயிருக்க முடியாது.

ஆனால் போனார்கள். குவோனுக்கு அடுத்த வருடம் இரண்டு வீடு, அதற்கடுத்த வருடம் ஒன்று, பிறகு வந்த இரண்டு வருடமும் இரண்டிரண்டு. ஒவ்வொருவரும் போகும்போது நிலத்தை வாங்கிக்கொள்பவனாகக் கில்சோப் தன் முத்திரையைக் குத்த வேண்டியிருந்தது. இலந்தை மரத்தில் செய்த விரல் நீள முத்திரை. ஏக்கருக்கு இருபது நிமிடம் என்று பகல் நீண்டது. கூட்டியும் பார்க்கலாம், கழித்தும் பார்க்கலாம், பிசகாது. பகல் நீண்டதால் மற்றவர்களுக்குத் தூக்கம் குறைந்தது, தூக்கம் குறைந்ததால் அடுத்தவர் சீக்கிரம் எழுதிக் கொடுத்தார். சோயா பூக்க மறுத்தது. சோயாவுக்கு இரவு வேண்டும். தெருவிளக்கு வெளிச்சம் பட்டாலே பூக்காமல் வெறும் இலையாக வளர்ந்து நிற்கிற செடி அது. முன்பெல்லாம் அதற்காகவே உல்மிக்காரர்கள் கோடையில் தெருவிளக்குகளை அணைத்துவைப்பார்கள். சூரியனை அணைக்க வழி இல்லாததால் கில்சோப் சோயாவை விட்டுவிட்டு மிளகாயையும் உருளைக்கிழங்கையும் கூட்டினான். கோழிகள் ஒரு நாளைக்கு இரண்டு முட்டை இட்டன, ஓடு மெலிசாக இருந்தது. கடைசிப் பேருந்தின் ஓட்டுநர், ஓ என்பவர், மலைத் திருப்பத்தில் விளக்கை அணைத்துவிட்டுக் கருப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்ளப் பழகினார்.

கில்சோப் சூரியன் இருக்கும்வரை வேலை செய்பவன். கடிகாரத்தை அவன் எந்தக் காலத்திலும் மதித்ததில்லை. அதனால் நீண்ட பகல்கள் முழுவதையும் உடம்பு கணக்கில் எடுத்துக்கொண்டது. 2019இல் தலை முழுக்க வெளுத்தது. 2020இல் கீழ்ப்பற்கள் நான்கு போயின. காகிதத்தில் அப்போது அவனுக்கு ஐம்பத்தேழு. தொக்கால் சந்தையில் தெரியாதவர்கள் அவனுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள்.

2021 இலையுதிர்காலத்தில் ஊர்த்தலைவர் பே சங்தெக் எழுதிக் கொடுத்தார். போகும்போது நிலத்தோடு தலைவர் பதவியையும் ஊர்க்கூடத்துச் சாவியையும் ஒலிபெருக்கி மைக்கையும் கொடுத்துவிட்டுப் போனார். "தினமும் காலையில அறிவிப்பு சொல்லணும்டா கடைக்குட்டி. சொல்ல ஒண்ணும் இல்லன்னா வானிலை சொல்லு" என்றார். "யாருக்குண்ணே சொல்றது?" என்று கேட்டான் கில்சோப். "அது உன் பாடு. நான் இருபத்தாறு வருஷம் சொன்னேன், எவன் கேட்டான்?" என்று சொல்லிவிட்டுப் பே பேருந்தில் ஏறி ஜன்னலை மூடிக்கொண்டார்.

கேட்க ஒருத்தி இருந்தாள். ஒக்புன். கில்சோப்பின் சரிவுக்கு மேல் சரிவில் ஒரே ஒரு ஏக்கர் வைத்திருந்தவள். அவள் புருஷனைக் கில்சோப் அண்ணன் என்று கூப்பிட்டதால் இவள் அண்ணி ஆனாள். புருஷன் செத்துப் பதினான்கு வருடம் ஆன பிறகும் அண்ணிதான். அவனைவிட ஆறு வயது மூத்தவள், இரண்டு முழங்காலும் போனவள், வாய் மட்டும் போகாதவள். தலைவர் ஆன முதல் நாள் காலை கில்சோப் ஊர்க்கூடத்தில் மைக்கைத் தட்டினான். "அ... அ... உல்மி கிராம மக்களுக்கு ஓர் அறிவிப்பு. இன்று மழை இல்லை." மேல் சரிவிலிருந்து பதில் வந்தது. "மக்கள் நான் ஒருத்திதான். கத்தாத! காது கேக்குது!"

நீண்ட பகலுக்கு மூன்று வேளைச் சாப்பாடு போதவில்லை. இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்து ஐந்து வேளை சாப்பிட்டார்கள். அவள் பார்லிச் சோறும் முள்ளங்கிக் கிம்ச்சியும் கொண்டுவருவாள், அவன் வேகவைத்த உருளைக்கிழங்கு கொண்டுவருவான். "உப்பைப் பார்த்துத்தான் போட்டியா? உனக்குத்தான் பல்லு இல்ல, நாக்குமா இல்ல?" என்பாள் அவள். அவன் சிரித்தால் பல் இல்லாதது தெரியும் என்பதால் சிரிக்காமல் மென்றுகொண்டிருப்பான். அவள் தன் மகனைப் பற்றிப் பேசுவாள். இஞ்சோனில் பதினேழாவது மாடியில் வீடு, லிஃப்ட் இருக்கிறது, மாடிப்படியே ஏற வேண்டாம். அவன் கேட்டுக்கொண்டிருப்பான். இந்த ஒன்றரை ஆண்டில் ஒரு மனிதன் இரண்டரை ஆண்டில் சாப்பிடும் சாப்பாட்டை அவன் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டான். பகல் நீண்டதில் அவனுக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை.

2023 மார்ச் நான்காம் தேதி காகிதத்தில் அவனுக்கு அறுபது நிறைய இருந்தது. அதற்குப் பிறகு நிலத்தை வாங்கிக்கொள்ள அவனுக்குத் தகுதி இல்லை. ஒக்புன் அதற்குள் எழுதிக் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் அந்தச் சரிவும் முழங்காலும் அவளும் கடைசிவரை உல்மியில்தான். இரண்டு பேருக்கும் இது தெரியும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இரண்டு பேரும் விதை உருளைக்கிழங்கைப் பற்றி மட்டுமே பேசினார்கள். கில்சோப் தேதியை எண்ணிக்கொண்டிருந்தான். இன்னும் பன்னிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று நினைத்தான். பிறகு எட்டு நாள். அவன் நல்லவனும் இல்லை, கெட்டவனும் இல்லை. தனியாக இருக்கப் பயந்தவன்.

மார்ச் மூன்றாம் தேதி காலை அவள் காகிதங்களோடு வந்தாள். சரிவில் பின்பக்கமாக இறங்கி வந்தாள். முழங்கால் அப்படி இறங்கினால்தான் கேட்கும்.

"நாளைக்கு உனக்கு அறுபதாமே."

"காகிதத்துல."

"காகிதம்தான பேசுது. முத்திரை எங்க வச்சிருக்க?"

"எங்கயோ இருக்கும். தேடணும் அண்ணி."

"உன் சட்டைப் பையில இருக்கு. ஏழு வருஷமா அங்கதான் இருக்கு." அவள் வரப்பில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "வேண்டாம்னு சொல்றதுன்னா இப்ப சொல்லு. வாய் இருக்குல்ல?"

அவன் அவள் முழங்காலைப் பார்த்தான். பருத்திக் கால்சட்டைக்கு மேலேயே வீக்கம் தெரிந்தது. "மருந்துத் துணி ஒட்டினியா?" என்று கேட்டான்.

"பேச்சை மாத்தாத."

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு காகிதத்தை அவன் மடியில் வைத்தாள். "கடைக்குட்டி கடைசிவரைக்கும் கடைக்குட்டிதான்" என்றாள். அவன் முத்திரையைக் குத்தினான். மங்கலாக விழுந்தது. மங்கலாக இருந்தால் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் மையில் நன்றாக அழுத்தி இன்னொரு முறை குத்தினான். இரண்டாவது தெளிவாக விழுந்தது.

ஒரு ஏக்கர். கணக்குப்படி இருபது நிமிடம் போயிருக்க வேண்டும். பள்ளத்தாக்கில் அப்போது இரவு என்று மிஞ்சியிருந்தது ஐந்து மணிநேரம். அவள் பேருந்து ஏறிய அன்று அந்த ஐந்து மணிநேரமும் போயிற்று. ஏக்கருக்கு இருபது என்ற கணக்கு ஏன் பிசகியது என்று யாரும் விளக்கவில்லை, விளக்க ஊரில் யாரும் இல்லை. சூரியன் மேற்கு மலை விளிம்பைத் தொட்டு, அதன் மேல் உருண்டபடியே வடக்காகச் சுற்றி, கிழக்கில் மறுபடி ஏறியது. கில்சோப் உருளைக்கிழங்கு நட்டு முடித்து இருட்டுவதற்காக நின்றுகொண்டிருந்தான். கால் மரத்துப்போன பிறகு வீட்டுக்குப் போனான்.

ஜின்செங் செடிகளுக்கு நிழல் கட்டும் கருப்பு வலையை ஜன்னல்களில் மூன்று மடிப்பாகக் கட்டிப் பார்த்தான். உள்ளே இருட்டாக இருந்தது, தூக்கம் வரவில்லை. இருட்டு வேறு, இரவு வேறு. ஏப்ரல், மே முழுவதும் அவன் டிராக்டர் இருக்கையில் பத்து நிமிடம், உர மூட்டை மேல் கால் மணிநேரம் என்று கண்ணை மூடினான். ஒலிபெருக்கி அறிவிப்பை மட்டும் விடவில்லை. "உல்மி கிராம மக்களுக்கு ஓர் அறிவிப்பு. இன்று வெயில்." மேல் சரிவிலிருந்து பதில் வராத இடத்தில் நிறுத்தி, அதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்து, மைக்கை அணைத்தான்.

ஜூன் தொடக்கத்தில் மிளகாய்க்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தவன் கருவியை அப்படியே இறக்கி வைத்துவிட்டுத் தொக்காலில் இருக்கும் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனான். ஓய்வுத் திட்டத்தைக் கவனிக்கும் தோ மிரே என்ற பெண் புதிதாக வந்தவள், முப்பதுகூட ஆகாதவள். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க தாத்தா. யாரோட விஷயமா வந்தீங்க?"

"என்னோடது. ஓய்வு வேணும்."

அவள் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள். "இது உங்க மகனோடதா தாத்தா?"

"மகன் இல்ல. என்னோடதுதான்."

"அறுபது முடிஞ்சு மூணு மாசம்தான் ஆகுது... ஐயா. இரண்டாயிரத்து இருபத்தெட்டு மார்ச்சுல வாங்க."

"ஊர்க் கணக்குல அறுபத்து நாலும்மா. வெயில் கணக்குல அறுபத்தேழு."

"வெயில் கணக்குக்கு இதுல கட்டம் இல்லையே ஐயா" என்றாள் அவள். கேலியாகச் சொல்லவில்லை, படிவத்தைத் திருப்பி அவனுக்கும் காட்டினாள். கட்டம் இல்லைதான். "அப்புறம், நிலத்தை வாங்கிக்க அறுபது ஆகாத ஒருத்தர் வேணும். இருக்காங்களா?"

"உல்மியில நான்தான் இருக்கேன்."

"பக்கத்து ஊர்ல?"

"எவனும் வரமாட்டான். தூங்கணும்ல."

அவள் ஒரு கோப்பையில் பார்லித் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் அதைக் கையில் பிடித்தபடி அலுவலக ஜன்னலுக்கு வெளியே இருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிப் பேருந்து வந்தது, ஏறினான். பேருந்தில் பக்கத்தில் சாய்ந்து தூங்கியும் போனான். மலைத் திருப்பத்தில் ஓ விளக்கை அணைத்ததும் விழித்துக்கொண்டான். அந்த மாதக் கடைசியில் நாடு முழுவதும் வயதை எண்ணும் முறை மாறியது. பிறந்ததும் ஒன்று, புத்தாண்டுக்கு ஒன்று என்ற பழைய கணக்கு ஒழிந்து எல்லோரும் ஒன்றோ இரண்டோ வயது குறைந்தார்கள். கில்சோப்புக்கு ஊர்க் கணக்கில் இருந்த அறுபத்து நாலும் போயிற்று.

ஜூலையில் ஒக்புன் தொலைபேசியில் கூப்பிட்டாள். முதலில் மிளகாய் விலை கேட்டாள், பிறகு மழை கேட்டாள். பிறகு, "இங்க விடியவே மாட்டேங்குது" என்றாள். மகன் வீட்டில் எல்லா அறையிலும் ஆறு மணிக்கு வெளிச்சம் வருகிறது, அவள் அறைக்கு மட்டும் பதினொரு மணிக்குத்தான் வருகிறது. மருமகள் மின்வாரியத்தைக் கூப்பிட்டாள், அப்புறம் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். கண்ணில் கோளாறு இல்லை. அதுவரை அவள் படுக்கையில் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்தால் சத்தம் கேட்கும் என்று எழுவதில்லை. பே சங்தெக்குக்கும் அப்படித்தானாம், குவோன் வீட்டிலும் அப்படித்தானாம், அவரவர் நிலத்தின் அளவுக்கு. "எனக்குத்தான் ஜாஸ்தி. ஒத்த ஏக்கருக்கு அஞ்சு மணிநேரம். என்ன நியாயம் இது?" என்றாள். "இங்க மறையறதே இல்ல அண்ணி" என்றான் அவன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் தொலைபேசியைப் பிடித்திருந்தார்கள். பேசாததற்கும் காசு போகிறது என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

செப்டம்பர் மூன்றாம் வாரம், அறுவடைப் பண்டிகைக்கு முன்னால், புருஷனின் புதைமேட்டில் புல் வெட்ட வேண்டும் என்று அவள் புறப்பட்டாள். மகனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. தனியாகவே வந்தாள். முதல் ரயிலைப் பிடிப்பதற்காகத் திரைச்சீலையைத் திறக்காமல், விளக்கும் போடாமல் கிளம்பினாள். பிறகுதான் தெரிந்தது, அப்படிக் கிளம்பினால் அறையின் ஐந்து மணிநேர இருட்டு செலவாகாமல் கூடவே வருகிறது. ரயில் பெட்டியில் அவள் வரிசைக்கு மட்டும் விளக்கு எரிந்தது. பிற்பகல் இரண்டு பத்துக்கு வர வேண்டிய ஓவின் பேருந்து மலைத் திருப்பத்தில் தெரிந்தபோது கில்சோப் மிளகாய் பறித்துக்கொண்டிருந்தான். ஏழு ஆண்டுகளில் முதல் முறையாக அந்தப் பேருந்து திருப்பத்தில் விளக்கைப் போட்டது.

அவள் படியில் பின்பக்கமாக இறங்கினாள். இறங்கிய இடத்திலிருந்து சாயங்காலம் தொடங்கி, ஊர்க்கூடம், கோழிக்கூண்டு, கீழ்ச் சரிவு, மேல் சரிவு என்று பரவி இருட்டியது. நட்சத்திரங்கள் வந்தன. கோழிகள் ஓடிப்போய் ஏறி உட்கார்ந்தன.

"என்னடா இது, என் மாமனார் மாதிரி ஆயிட்ட" என்றாள் அவள், அவனை முகத்துக்கு நேராகப் பார்த்து. "சாப்பிட்டியா?"

பதில் சொல்ல அவன் வாயைத் திறந்தான். கூடையை வைத்துவிட்டு, பேருந்து நிறுத்தத்து மர இருக்கையிலேயே சாய்ந்து, தூங்கிவிட்டான். அவள் கட்டிக்கொண்டு வந்திருந்த எள்ளுச் சோற்றுருண்டைகளை அவன் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. அவள் தன் கம்பளிச் சட்டையை அவன் மேல் போட்டுவிட்டு, ஓவிடம் கைவிளக்கு வாங்கிக்கொண்டு, அரிவாளோடு சரிவில் ஏறினாள். ஓய்வு பெற்றவள் உல்மியில் அரிவாள் பிடிக்கலாமா என்று பிறகு தொக்காலில் யாரோ கேள்வி எழுப்பினார்கள். தோ மிரே விதிகளைப் படித்துப் பார்த்தாள். புதைமேட்டுப் புல் வெட்டுவது விவசாயம் இல்லை. பக்கத்து நிலத்தில் உட்கார்ந்திருப்பதும் விவசாயம் இல்லை. இரவைக் கொண்டுவருவது பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

சரியாக ஏழு பத்துக்கு வெளுத்தது. கில்சோப் ஐந்து மணிநேரமும் தூங்கியிருந்தான். எழுந்து சோற்றுருண்டையைத் தின்றான். "உப்பு கம்மி" என்றான். அவள் ஊர்க்கூடத்தில் படுத்து, மறுநாள் காலை ஒன்பது நாற்பது பேருந்தில் இஞ்சோனுக்குத் திரும்பினாள். இருக்கவும் சொல்லவில்லை அவன். அவளும் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. மகன் வீட்டில் மருந்துக்கு நாள் குறித்திருந்தது, லிஃப்ட் இருந்தது.

அதிலிருந்து மாதம் ஒரு முறை, மூன்றாம் வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு பத்துப் பேருந்தில் ஒக்புனோடு உல்மிக்கு இரவு வருகிறது, ஏழு பத்து வரை இருக்கிறது. மற்ற நாட்களில் வெயில். பேருந்து நிறுத்தத்து நேரப் பலகையில் ஓ அதைப் பென்சிலால் எழுதி வைத்தார். போன ஆண்டு பலகையை மாற்றியபோது நிர்வாகமே அதை அச்சில் சேர்த்துவிட்டது. கூடுதல் கட்டணம் இல்லை. நிறுத்தத்தைச் சுற்றிக் கில்சோப் இரண்டு வரிசை சோயா போட்டிருக்கிறான். மாதத்துக்கு ஒரு இரவு சோயாவுக்குப் போதாது. நன்றாக உயரமாக, பச்சைப்பசேல் என்று வளர்கிறது. பூக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் அவன் ஊர்க்கூடத்துக்குப் போய் மைக்கைத் தட்டி, "உல்மி கிராம மக்களுக்கு ஓர் அறிவிப்பு. இன்று இருட்டும்" என்று ஒரு முறை சொல்கிறான். பிறகு கோழிகளை அடைத்துவிட்டு, முகம் கழுவி, பலகைக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறான்.